கோலாலம்பூரில் குழந்தைப் பல் மருத்துவ நிபுணராவது எப்படி? பி.டி.எஸ். முடித்தவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

பல் மருத்துவம் முடித்து அரசாங்கக் கிளினிக்கில் வேலைக்குச் சேரும் நம் பிள்ளைகள் பலருக்கு, ஒன்றிரண்டு ஆண்டுகளிலேயே அடுத்து என்ன படிப்பது என்ற யோசனை வந்துவிடுகிறது. பல் சீரமைப்பு, வாய் முக அறுவை என்றால் வீட்டில் யாரும் மறுப்பு சொல்வதில்லை. குழந்தைப் பல் மருத்துவம் என்று வாயைத் திறந்தால், "பால் பல்லைப் பிடுங்கவா இன்னும் நாலு வருஷம் படிக்கப் போற?" என்ற கேள்வி வரும். கேட்பது பெரும்பாலும் அப்பாவாக இருக்கும். சில நேரம் உடன் வேலை பார்க்கும் டாக்டர்களே கேட்பார்கள்.

அந்தக் கேள்வியைத் தாண்டியும் இந்தத் துறைதான் வேண்டும் என்று நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இந்தப் பயிற்சி விண்ணப்பப் படிவத்தில் தொடங்குவதில்லை. இடம் கிடைப்பதும், கிடைத்த பிறகு தாக்குப்பிடிப்பதும், அதற்கு முன்பு டெண்டல் ஆபிசராக நீங்கள் பிள்ளைகளோடு எப்படி வேலை பார்த்தீர்கள் என்பதைப் பொறுத்தது. அதனால் இந்த வழிகாட்டியில் பாதி, விண்ணப்பத்துக்கு முந்தைய காலத்தைப் பற்றியது.

முதலில், வேலை என்னவென்று தெரிந்துகொள்ளுங்கள்

பால் பற்கள் இருபது. முதல் பல் சுமார் ஆறு மாதத்தில் எட்டிப் பார்க்கும். இரண்டரை, மூன்று வயதுக்குள் எல்லாம் வந்துவிடும். "எப்படியும் விழத்தானே போகுது டாக்டர்" என்று நம் வீடுகளில் சொல்வது முன்பற்களுக்கு ஓரளவு பொருந்தும். ஆனால் கடைசிக் கடைவாய்ப் பால் பல் பத்து, பன்னிரண்டு வயது வரை இருந்தாக வேண்டியது. அதை ஐந்து வயதில் பிடுங்கினால், பின்னால் முளைக்கும் நிலையான கடைவாய்ப் பல் முன்னோக்கிச் சாய்ந்து, அடியில் காத்திருக்கும் பல்லுக்கு இடமில்லாமல் செய்துவிடும். அந்த முதல் நிலையான கடைவாய்ப் பல் ஆறு வயதில், எந்தப் பல்லும் விழாமலேயே, வரிசைக்குப் பின்னால் சத்தமில்லாமல் முளைக்கிறது. பெற்றோர் பலர் அதையும் பால் பல் என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள். வாழ்நாள் முழுக்க வேண்டிய பல் எட்டு வயதுக்குள் சொத்தையாகிவிடுகிறது.

2015இல் மலேசியா முழுவதும் நடந்த ஆய்வில், ஐந்து வயதுப் பிள்ளைகளில் 71.3 விழுக்காட்டினருக்குச் சொத்தைப் பல் இருந்தது. 1972 முதல் குடிநீரில் புளூரைடு சேர்ப்பதைக் கொள்கையாக வைத்திருக்கும் நாடு இது. அப்படியும் பத்தில் ஏழு பிள்ளைகள். தூங்கும் நேரத்தில் பால் பாட்டில், பாட்டி அன்பாகக் கலக்கும் இனிப்புத் தண்ணீர், பாலர் பள்ளிப் பையில் பாக்கெட் மைலோ: குழாய்த் தண்ணீரில் இருக்கும் புளூரைடு மட்டும் இத்தனையையும் ஈடுகட்டாது.

நிபுணரிடம் வருவது சொத்தை மட்டுமல்ல. இதயத்தில் ஓட்டையோடு பிறந்த பிள்ளை, இரத்தப் புற்றுநோய்க்குச் சிகிச்சையில் இருக்கும் பிள்ளை, தலசீமியா, இரத்தம் சரியாக உறையாத ஹீமோஃபிலியா, உதட்டுப் பிளவு, ஆட்டிசம், பள்ளித் திடலில் விழுந்து முன்பல்லை இழந்த பையன், எனாமல் சரியாக உருவாகாமல் மஞ்சளும் பழுப்புமாக முளைத்த கடைவாய்ப் பல்லோடு வரும் சிறுமி என்று எல்லோரும் இங்கேதான் வருவார்கள். பொதுப் பல் மருத்துவர் தயங்கும் இடத்தில் முடிவெடுப்பதுதான் இந்த வேலை. பிள்ளைகள் பிடிக்கும் என்பது நல்ல விஷயம். ஆனால் அழும் பிள்ளையின் முன்னால் பதறாமல் உட்கார்ந்து, அதன் இரத்தப் பரிசோதனை அறிக்கையை வாசித்து, இன்று கை வைக்கலாமா வேண்டாமா என்று தீர்மானிப்பது பிடிக்குமா? இந்தக் கேள்விக்கு உங்களுக்கு நீங்களே பதில் சொல்லிப் பாருங்கள்.

பதிவும் கட்டாயச் சேவையும்

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஐந்தாண்டு பி.டி.எஸ். முடித்ததும் மலேசிய பல் மருத்துவ மன்றத்தில் பதிவு, ஆண்டுதோறும் புதுப்பிக்கும் தொழில் சான்றிதழ், அரசாங்கத்தில் கட்டாயச் சேவை. இப்போதைய சட்டம் 2018ஆம் ஆண்டு பல் மருத்துவச் சட்டம். 2022 ஜனவரி 1 முதல் நடப்பில் இருக்கிறது. நிபுணர்களுக்கென்று தனிப் பதிவேடு இந்தச் சட்டத்தின் கீழ்தான் வந்தது. அந்தப் பதிவேட்டில் பெயர் இல்லாதவர் தன்னை நிபுணர் என்று சொல்லிக்கொள்ள முடியாது. எங்கே படிப்பது என்ற முடிவு இதைச் சார்ந்தது என்பதால் நினைவில் வையுங்கள்.

பட்டம் வெளிநாட்டில் வாங்கியவர்கள், அது மன்றம் அங்கீகரித்த பட்டம்தானா என்பதைக் கையில் ஆதாரத்தோடு வைத்திருங்கள். அங்கீகாரம் இல்லாத பட்டமென்றால் தகுதித் தேர்வு எழுத வேண்டும். மேற்படிப்பு பற்றிய யோசனை அதற்குப் பிறகுதான்.

கிளினிக்கில் இருக்கும்போதே செய்ய வேண்டியவை

நான் அதிகம் வலியுறுத்த நினைப்பது இந்தப் பகுதியைத்தான்.

உங்கள் கிளினிக்கிலோ பக்கத்திலோ பல் சிகிச்சையாளர் ஒருவர் இருப்பார். மிஸ்ஸி என்று பிள்ளைகள் கூப்பிடுவார்களே, அவர்தான். பினாங்கில் 1949இல் தொடங்கிய பயிற்சிப் பள்ளி, நியூசிலாந்து முறையைப் பின்பற்றி இவர்களை உருவாக்கத் தொடங்கியது. இந்த நாட்டுப் பள்ளிப் பிள்ளைகளின் பற்களைப் பல தலைமுறைகளாகப் பார்த்துவருபவர்கள் அவர்கள். புதிதாக வரும் டாக்டர்கள் சிலர் அவர்களிடம் கற்றுக்கொள்ளக் கூச்சப்படுகிறார்கள். கூச்சப்படாதீர்கள். தமிழ்ப்பள்ளிக்கோ பாலர் பள்ளிக்கோ நடமாடும் குழு போகும்போது நீங்களும் போங்கள். முப்பது பிள்ளைகள் வரிசையில் நிற்க, முதல் பிள்ளை அழுதால் மற்ற இருபத்தொன்பதும் அழும். அனுபவமுள்ள சிகிச்சையாளர் யாரை முதலில் கூப்பிடுகிறார் என்று கவனியுங்கள். இந்த மாதிரி விஷயங்களை எந்த விரிவுரையிலும் சொல்லித் தர மாட்டார்கள்.

அடுத்தது, பேச்சு. சொல், காட்டு, செய் என்ற முறை 1959இல் அடல்ஸ்டன் எழுதிவைத்தது. இன்றும் இந்தத் துறையின் அடித்தளம் அதுதான். பாடத்தில் ஒரு வரியில் முடிந்துவிடும். நாற்காலியில் நான்கு வயதுப் பிள்ளை உட்கார்ந்திருக்கும்போது அது எப்படி நடக்கிறது என்று பாருங்கள்.

பிள்ளை அம்மாவின் மடியில், வாயை இறுக்கி மூடிக்கொண்டிருக்கிறது. காற்றுக்குழாயை எடுத்து முதலில் உங்கள் கையில் அடித்துக் காட்டுகிறீர்கள். "இது காத்து மட்டும்தான். உன் விரல்ல அடிக்கட்டுமா? ஜில்லுனு இருக்கா?" விரல் நீளும். பிறகு மெதுவாகச் சுற்றும் ரப்பர் கிண்ணத்தை நகத்தில் வைத்துக் காட்டுகிறீர்கள். "இது பல்லைத் தேய்க்கிற பிரஷ். கூசுது பாரு." பிள்ளை சிரித்தால் வாய் திறந்துவிட்டது என்று அர்த்தம். கண்ணாடியால் பற்களை எண்ணுங்கள், சத்தமாக, தமிழில். எண்ணும்போது அதுவும் கூடவே எண்ணும். முதல் நாள் அவ்வளவு போதும். அவசரம் இல்லாத கேஸ் என்றால் அன்றே துளைக்கப் போகாதீர்கள்.

பெற்றோரைச் சமாளிப்பது இதைவிடச் சிரமம். "சேட்டை பண்ணினா டாக்டர் ஊசி போட்டுருவாங்க" என்று வாசலிலேயே பயமுறுத்திக் கூட்டிவருவார்கள். "வலிக்காது, வலிக்காது" என்று பக்கத்தில் நின்று சொல்லிக்கொண்டே இருப்பார்கள். பிள்ளை அதிலிருந்து வலி வரப்போகிறது என்று மட்டும் புரிந்துகொள்ளும். உள்ளே அழைப்பதற்கு முன்பே அம்மாவிடம் தனியாக ஒரு நிமிடம் பேசிவிடுங்கள்: "அக்கா, உள்ளே நான் மட்டும் பேசுறேன். நீங்க கையைப் பிடிச்சுக்கிட்டா போதும்." பெரும்பாலானோர் ஒத்துழைப்பார்கள்.

ஒவ்வொரு வருகையிலும் பிள்ளையின் நடத்தையை ஃபிராங்கல் அளவுகோலில் குறித்துவையுங்கள். 1962இல் வந்த நான்கு படி அளவுகோல் அது. முழு மறுப்பில் தொடங்கி முழு ஒத்துழைப்பில் முடியும். முதல் வருகையில் ஒன்றில் இருந்த பிள்ளை நான்காவது வருகையில் மூன்றுக்கு வந்தது என்று நோயாளிக் குறிப்பில் இருந்தால், நேர்காணலில் அதைவிட நல்ல சான்று வேறில்லை.

கோலாலம்பூரில் வேலை பார்க்கும் உங்களுக்கு ஆங்கிலத்தோடு சேர்த்து நான்கு மொழி கொஞ்சம் கொஞ்சமாவது வேண்டும். செந்தூல், பிரிக்பீல்ட்ஸ் குடும்பங்களுக்குத் தமிழ். அடுத்த நாற்காலியில் உட்காரும் பிள்ளைக்கு "புக்கா மூலுட்" (வாயைத் திற) என்று மலாயில் கொஞ்சத் தெரிய வேண்டும். மாண்டரினில் பத்து வார்த்தை கற்றுக்கொண்டால் சீனப் பாட்டிமார் முகம் மலரும். ஆனால் உங்கள் தமிழைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். பேச்சு வராத ஆட்டிசப் பிள்ளையின் தாய், தன் மொழியில் கேட்கும் டாக்டரிடம்தான் பிள்ளை இரவில் பல்லைக் கடிப்பதையும், பல் துலக்க மூன்று பேர் பிடித்துக்கொள்ள வேண்டியிருப்பதையும் சொல்வாள்.

சில கைவேலைகளையும் இப்போதே பழகிக்கொள்ளுங்கள். ஒன்று ஹால் முறை. ஸ்காட்லாந்துப் பல் மருத்துவர் நோர்னா ஹால் பழக்கத்துக்குக் கொண்டுவந்தது. மரக்கச் செய்யும் ஊசியும் இல்லை, துளைப்பதும் இல்லை. சொத்தையை உள்ளேயே வைத்து, கடைவாய்ப் பால் பல்லின் மேல் சிமெண்ட் நிரப்பிய எஃகு கிரவுனை அழுத்தி மாட்டிவிடுவது. வெளியிலிருந்து உணவு போகாததால் உள்ளே இருக்கும் கிருமி பசியில் அடங்கிவிடுகிறது. முதல் சில நாள் கடிவாய் சற்று உயர்ந்திருக்கும், சில வாரத்தில் தானாகச் சரியாகும். சொத்தை பல்லின் நரம்பு வரை போய்ச் சீழ் வைத்திருந்தால் இந்த முறை கூடாது. அந்த வேறுபாட்டை எக்ஸ்ரேயில் கண்டுபிடிக்கத் தெரிவதுதான் திறமை.

இன்னொன்று 38 விழுக்காடு வெள்ளி டயமீன் புளூரைடு என்ற பூச்சு மருந்து. பூசினால் சொத்தை பரவாமல் நிற்கும். ஆனால் அந்த இடம் கறுத்துவிடும். பூசுவதற்கு ஒரு நிமிடம், சம்மதம் வாங்குவதற்கு அரை மணி நேரம். "பொட்டப்பிள்ளை, முன்பல்லு கறுத்துட்டா ஸ்கூல்ல கேலி பண்ணுவாங்களே" என்று பாட்டி கேட்டால் அந்தக் கவலையை மதித்துப் பதில் சொல்லுங்கள். கறுத்த பல்லின் படத்தை முன்கூட்டியே காட்டுங்கள். மாற்று வழி முழு மயக்கத்தில் சிகிச்சை என்றால் அதன் அபாயத்தையும் காத்திருப்பையும் சேர்த்துச் சொல்லுங்கள். அப்புறம் முடிவை அவர்களிடம் விடுங்கள்.

மரக்கச் செய்யும் ஊசி மருந்தின் அளவைக் கணக்கிடும் பழக்கமும் இப்போதே வர வேண்டும். இரண்டு விழுக்காடு லிக்னோகெயினில் ஒரு மில்லிக்கு 20 மில்லிகிராம், 2.2 மில்லிக் குப்பியில் 44 மில்லிகிராம். கிலோவுக்கு 4.4 மில்லிகிராம் உச்ச வரம்பு என்று வைத்தால், 15 கிலோ பிள்ளைக்கு 66 மில்லிகிராம்: ஒன்றரைக் குப்பி. பெரியவர்களுக்குப் போட்டுப் பழகிய கை இரண்டாவது குப்பியை யோசிக்காமல் எடுக்கும். அதனால் எந்தப் பிள்ளையையும் எடை பார்க்காமல் நாற்காலியில் ஏற்றாதீர்கள்.

முடிந்தால் மருத்துவமனையின் குழந்தைப் பல் பிரிவுக்கு மாற்றல் கேளுங்கள். கோலாலம்பூரில் துங்கு அசிசா மருத்துவமனை, பினாங்கில் பினாங்கு மருத்துவமனை. மாற்றல் கிடைக்காவிட்டால், நிபுணரிடம் அனுமதி வாங்கி விடுப்பு நாளில் போய் நின்று பாருங்கள். முழு மயக்க அறுவை நாள் ஒன்றை ஆரம்பம் முதல் முடிவு வரை பார்த்துவிட்டால், இது உங்களுக்கு ஆகுமா ஆகாதா என்று தெரிந்துவிடும்.

எம்.எஃப்.டி.எஸ். எழுதலாமா?

எழுதுங்கள். பிரிட்டனின் எடின்பரோ, கிளாஸ்கோ போன்ற ராயல் காலேஜ்கள் நடத்தும் இந்தப் பல் மருத்துவ உறுப்பினர் தேர்வில் முதல் பகுதி எழுத்து, இரண்டாம் பகுதி நிலையத்துக்கு நிலையம் நகரும் செயல்முறைத் தேர்வு. அயர்லாந்து ராயல் காலேஜின் எம்.எஃப்.டி. இதற்கு இணையானது. இது நிபுணர் பட்டம் ஆகாது. அடிப்படையை மறக்காமல் இருக்கிறீர்கள் என்பதற்கான சாட்சி, அவ்வளவுதான். ஆனால் போட்டி கடுமையாக இருக்கும் இடத்தில் இது இல்லாதவரின் படிவம் கீழே போய்விடும். கட்டணம் பவுண்டில், முன்கூட்டியே சேமித்து வையுங்கள்.

எங்கே படிப்பது

கோலாலம்பூரில் இரண்டு இடங்கள் முக்கியம். மலாயாப் பல்கலைக்கழகம், நாட்டின் முதல் பல் மருத்துவப் பள்ளி. 1972இல் முதல் மாணவர்களைச் சேர்த்தது. பல்கலைக்கழக மருத்துவமனை பக்கத்திலேயே இருப்பதால் இதயம், புற்றுநோய், பிளவு உதடு பிள்ளைகள் இங்கே வந்து சேர்வார்கள். மற்றது மலேசிய தேசியப் பல்கலைக்கழகம். அதன் பல் மருத்துவப் புலம் ஜாலான் ராஜா மூடா அப்துல் அசிசில், துங்கு அசிசா மருத்துவமனை இருக்கும் அதே சாலையில். செராஸில் துவாங்கு முஹ்ரிஸ் மருத்துவமனையும் அதோடு சேர்ந்தது. பட்டத்தின் பெயர் முதுகலை என்றோ கிளினிக்கல் டாக்டரேட் என்றோ இருக்கலாம்; முழுநேரமாக மூன்று, நான்கு ஆண்டு. பகுதிநேரமாக இதைப் படிக்க முடியும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

இரண்டு இடத்திலும் ஒரு முறை சேர்க்கும் எண்ணிக்கை விரல் விட்டு எண்ணும் அளவுதான். மேற்பார்வையாளர் ஒருவர் எத்தனை பேரைப் பார்த்துக்கொள்ள முடியும், எத்தனை நாற்காலி இருக்கிறது என்பதைப் பொறுத்தது அது. முதல் முறை கிடைக்கவில்லை என்றால் சோர்ந்துவிடாதீர்கள்; இரண்டாம் முறை விண்ணப்பித்து நுழைந்தவர்கள் நிறைய.

பினாங்கில் இருப்பவர்கள் படிப்புக்காகக் கோலாலம்பூருக்கு வீடு மாறுவதை முன்பே குடும்பத்தோடு பேசிவிடுங்கள். திருமணம், கைக்குழந்தை, வயதான அப்பா அம்மா என்று எல்லாம் ஒரே நேரத்தில் வரும் வயது இது. வார இறுதியில் போய்வந்துகொள்ளலாம் என்ற கணக்கு பெரும்பாலும் பலிக்காது, ஏனென்றால் வார இறுதியில்தான் ஆய்வேடு எழுதுவீர்கள்.

வெளிநாடு என்றால் இங்கிலாந்திலும் ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்தின் ஒட்டாகோவிலும் மூன்றாண்டு கிளினிக்கல் டாக்டரேட் உண்டு. தமிழ்நாட்டிலும் கர்நாடகத்திலும் பி.டி.எஸ். படித்த நம் பிள்ளைகள் அங்கேயே மூன்றாண்டு எம்.டி.எஸ். தொடர நினைப்பது இயல்புதான். கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும் முன், அந்தக் குறிப்பிட்ட கல்லூரியின் அந்தக் குறிப்பிட்ட பட்டம் இங்கே நிபுணர் பதிவேட்டுக்கு ஏற்கப்படுமா என்று மலேசிய பல் மருத்துவ மன்றத்திடம் எழுத்தில் கேட்டுப் பதில் வாங்குங்கள். ஏஜெண்டின் வாய்வார்த்தையை நம்பிப் பணம் கட்டாதீர்கள். மூன்று ஆண்டும் வீட்டுப் பணமும் போன பிறகு வரும் பதில் யாருக்கும் உதவாது.

பணமும் விடுப்பும்

சுகாதார அமைச்சில் இருப்பவர்கள் நாடுவது கூட்டரசுப் பயிற்சி உதவித்தொகை, எச்.எல்.பி. என்றால் எல்லோருக்கும் தெரியும். கிடைத்தால் முழுச் சம்பளத்தோடு படிப்பு விடுப்பு, கட்டணத்துக்கு உதவி. பதிலுக்கு, முடித்த பிறகு ஒப்பந்தப்படி அரசாங்கத்தில் வேலை பார்க்க வேண்டும். ஆண்டு மதிப்பீட்டு மதிப்பெண், துறைத் தலைவரின் ஆதரவு, சொத்து அறிவிப்பு உட்பட எல்லாத் தாள்களும் ஒழுங்காக இருக்க வேண்டும். நல்ல டாக்டர்கள் பலர் தடுக்கி விழுவது இந்தத் தாள்களில்தான். ஒப்பந்த டாக்டர்களுக்கான விதிகள் அண்மை ஆண்டுகளில் மாறிக்கொண்டே வந்திருக்கின்றன. அதனால் சீனியர் சொன்னதை வைத்து முடிவெடுக்காமல், நீங்கள் விண்ணப்பிக்கும் ஆண்டின் அறிவிப்பை வரிக்கு வரி படியுங்கள்.

பல்கலைக்கழக இடமும் உதவித்தொகையும் தனித்தனி விண்ணப்பங்கள், தனித்தனி நேர்காணல்கள். ஒன்று கிடைத்து மற்றது கிடைக்காமல் போகலாம். சொந்தச் செலவில் படிப்பவர்கள் கட்டணத்தோடு லூப் எனும் உருப்பெருக்கிக் கண்ணாடி, கேமரா, மாநாட்டுச் செலவு, சம்பளமில்லாத மாதங்களின் வீட்டு வாடகை எல்லாவற்றையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

விண்ணப்பமும் நேர்காணலும்

"எனக்குக் குழந்தைகள் என்றால் உயிர்" என்று தொடங்கும் நோக்க அறிக்கையைத் தேர்வுக் குழு நூறு முறை படித்திருக்கும். நீங்கள் பார்த்த ஒரு பிள்ளையை எழுதுங்கள். பெயர், அடையாளம் இல்லாமல். என்ன பிரச்சினையோடு வந்தது, என்ன முடிவெடுத்தீர்கள், ஏன், ஆறு மாதம் கழித்து அந்தப் பல் எப்படி இருந்தது, இன்று பார்த்தால் என்ன மாற்றிச் செய்வீர்கள். ஆறு மாதம் கழித்து என்ற அந்த வரி இல்லாத கேஸைப் போடாதீர்கள். இது தொடர்ந்து பார்க்கும் துறை.

கேஸ் கோப்பு ஒன்று தயாராக இருக்கட்டும். பெற்றோரின் எழுத்துச் சம்மதத்தோடு எடுத்த படங்கள், எக்ஸ்ரேக்கள், சிகிச்சைத் திட்டம், பின்தொடர்வு. கூடவே உங்கள் கிளினிக்கில் செய்த தணிக்கை ஒன்று. பெரிதாக எதுவும் வேண்டாம்: முழு மயக்கத்தில் சிகிச்சை பெற்ற பிள்ளைகளில் எத்தனை பேர் அடுத்த பரிசோதனைக்குத் திரும்பி வந்தார்கள், வராதவர்களை எப்படி வரவைத்தோம் என்பது போதும். புள்ளியியல் தெரியாது என்று பயப்பட வேண்டாம். கேள்வி நேர்மையாக இருக்க வேண்டும்.

நேர்காணலில் அவசரச் சூழல் ஒன்று நிச்சயம் வரும். எட்டு வயதுப் பையன், முன்பல் வேரோடு வெளியே வந்துவிட்டது, ஆசிரியர் போன் செய்கிறார்: என்ன சொல்வீர்கள்? வேரைத் தொடாமல் மேல்பகுதியைப் பிடி, அழுக்கிருந்தால் சட்டென்று கழுவு, தேய்க்காதே, முடிந்தால் அங்கேயே குழியில் வை, முடியாவிட்டால் பாலில் போட்டு உடனே கொண்டு வா. டிஷ்யூவில் சுற்றிக் காயவிட்டால் வேரின் மேல் இருக்கும் உயிரணுக்கள் செத்துவிடும். பால் பல்லாக இருந்தால் திரும்ப வைக்கவே கூடாது; அடியில் வளரும் பல் கெட்டுப்போகும். அனைத்துலகப் பல் காயச் சங்கத்தின் 2020 வழிகாட்டியை இலவசமாகவே படிக்கலாம். அதையும் அமெரிக்கக் குழந்தைப் பல் மருத்துவ அகாடமியின் வழிகாட்டிகளையும் நேர்காணலுக்கு முன் படித்து முடித்திருங்கள். நாட்டு நிலவரமும் கேட்பார்கள்: குடிநீர் புளூரைடு 2005இல் ஏன் 0.7இலிருந்து 0.5 பிபிஎம்முக்குக் (பத்து லட்சத்தில் அத்தனை பங்கு) குறைக்கப்பட்டது என்பது நல்ல கேள்வி. பற்பசையிலும் புளூரைடு வந்த பிறகு பல்லில் வெண்புள்ளி விழும் வாய்ப்பைக் குறைக்க வேண்டியிருந்தது.

அந்த மூன்று நான்கு ஆண்டுகள்

முதல் ஆண்டு அடிப்படை அறிவியல், வளர்ச்சி, மருந்தியல், ஆய்வு முறை, கூடவே நாற்காலி வேலை. பொது மருத்துவராக நீங்கள் வேகமாகச் செய்ததை எல்லாம் மேற்பார்வையாளர் மெதுவாகச் செய்யச் சொல்வார். பல்லில் ரப்பர் திரை மாட்டாமல் பல்போட்டமி (பல்லின் மேல்பகுதி நரம்புத் திசுவை அகற்றும் சிகிச்சை) தொடங்கினால் நிறுத்தச் சொல்வார். மாணவர் போல மீண்டும் கையெழுத்துக்கு நிற்பது பலருக்குக் கசக்கும். சில மாதத்தில் பழகிவிடும்.

பிறகு சிரிப்பு வாயு. நைட்ரஸ் ஆக்சைடை ஆக்சிஜனோடு சிறுகச் சிறுகக் கூட்டி, பிள்ளை பேசிக்கொண்டே தளரும் அளவில் நிறுத்தி, முடிந்ததும் முழு ஆக்சிஜன் கொடுத்துத் தெளியவைப்பது. கருவி சுலபம். மூக்கில் வைக்கும் முகமூடியை மூன்றரை வயது ஏற்றுக்கொள்ள வைப்பதுதான் வேலை.

முழு மயக்க நாள்தான் இந்தப் பயிற்சியின் கடினமான பகுதி என்று நினைக்கிறேன். காலை ஏழு மணிக்குப் பட்டினியோடு வந்த பிள்ளைகள் வார்டில் காத்திருப்பார்கள். சளி இருக்கிறதா, கடைசியாக எப்போது சாப்பிட்டது என்று மயக்க மருத்துவர் கேட்கும்போது, வழியில் அழுததால் பிஸ்கட் கொடுத்தேன் என்று தந்தை சொல்வார். பல மாதம் காத்திருந்த சிகிச்சை அன்று தள்ளிப்போகும். பிள்ளை தூங்கியதும் மூக்கு வழியாகக் குழாய், தொண்டையில் துணி. துணி வைத்ததைச் சத்தமாகச் சொல்லிப் பலகையில் எழுத வேண்டும். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தால் நீங்கள் நேற்று போட்ட திட்டம் பாதி மாறும். இரண்டு பல்லைக் காப்பாற்றலாம் என்று நினைத்தது முடியாமல் போகும். நிரப்புவதும் கிரவுனும் முதலில், பிடுங்குவது கடைசியில், இரத்தம் வேலையை மறைக்காமல் இருக்க. முடிவில் துணியை எடுத்ததைச் சத்தமாகச் சொல்லி, பலகையில் அடித்த பிறகுதான் எழுப்புவார்கள்.

இதில் முடிவெடுப்பது எப்படி என்பதுதான் பாடம். சந்தேகமான பல்லை நிரப்பி வைத்துவிட்டு, ஆறு மாதத்தில் அது சீழ் வைத்தால் அதே பிள்ளையை மறுபடி மயக்கத்துக்கு அனுப்ப வேண்டும். அதனால் நாற்காலியில் காப்பாற்றிப் பார்க்கும் பல்லை, மயக்கத்தில் பிடுங்கத் துணிவீர்கள். அந்தத் துணிவு எங்கே நியாயம், எங்கே அவசரம் என்று பிரித்தறிய நான்காண்டும் போதாமல் இருக்கும்.

மருத்துவமனைப் பிள்ளைகளில், பல்லுக்கு முன் உடம்பைப் படிக்கக் கற்பீர்கள். எண்டோகார்டைட்டிஸ் (இதய உட்சுவர்த் தொற்று) அபாயமுள்ள இதயப் பிள்ளைக்கு ஈறில் கை வைக்கும் சிகிச்சைக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரத்துக்கு முன் கிலோவுக்கு 50 மில்லிகிராம் அமாக்சிசிலின். ஹீமோஃபிலியா பிள்ளைக்கு இரத்தவியல் பிரிவோடு பேசி உறைகாரணி ஏற்றாமல் பல் பிடுங்கக் கூடாது. கீமோ சுழற்சியில் இருக்கும் பிள்ளைக்கு எந்த வாரத்தில் இரத்த அணுக்கள் கீழே போகும் என்று தெரிந்து, அதற்கு முன் சொத்தையை முடிக்க வேண்டும். வார்டு டாக்டர்களோடு மரியாதையாகவும் தெளிவாகவும் பேசப் பழகுங்கள். அழைப்பு வரும் வரை காத்திருக்காமல் நீங்களே போய்ப் பாருங்கள்.

ஆய்வேட்டைப் பற்றி ஒரே ஒரு அறிவுரை: முதல் ஆண்டிலேயே நெறிமுறைக் குழு அனுமதிக்கு அனுப்பிவிடுங்கள். பிள்ளைகளை உட்படுத்தும் ஆய்வுக்குப் பெற்றோர் சம்மதம், வயதுக்கேற்ற விளக்கம் என்று கேள்வி மேல் கேள்வி வரும். தலைப்பு சின்னதாக இருக்கட்டும். முடிந்த சின்ன ஆய்வு, முடியாத பெரிய ஆய்வைவிட மேல்.

உடம்பையும் பார்த்துக்கொள்ளுங்கள். சின்ன வாய், அசையும் தலை, குனிந்த முதுகு. லூப் கண்ணாடியை முதல் மாதத்திலேயே வாங்கிவிடுங்கள். நாள் முழுக்க அழுகைச் சத்தம் கேட்டு வீட்டுக்குப் போனால், சொந்தப் பிள்ளை அழும்போது பொறுமை இருக்காது. உங்களோடு படிப்பவர்களிடம் இதைப் பேசுங்கள். எல்லோருக்கும் அதே நிலைமைதான்.

இறுதித் தேர்வில் நீங்கள் சிகிச்சை செய்து முடித்த கேஸ்களை வெளித்தேர்வாளர் முன் வைத்துப் பேச வேண்டும். சிலர் இதோடு ராயல் காலேஜின் குழந்தைப் பல் மருத்துவ உறுப்பினர் தேர்வையும் எழுதுகிறார்கள். வசதி இருந்தால் எழுதலாம். லாக்புக்கை அன்றன்றே எழுதுங்கள். கடைசி மாதத்தில் பழைய கோப்பைத் தேடி அலைவது பெரிய வேதனை.

முடித்த பிறகு

பட்டம் கைக்கு வந்த உடனே நிபுணராகிவிட முடியாது. அரசாங்கத்தில் இருப்பவர்கள் மூத்த நிபுணரின் கீழ் பணியாற்றி அறிக்கை சமர்ப்பித்து, நிபுணராக அரசிதழில் அறிவிக்கப்பட வேண்டும். மன்றத்தின் நிபுணர் பதிவேட்டுக்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். அதற்குப் பட்டச் சான்றிதழ் மட்டும் போதாது. பயிற்சிப் பதிவுகளும் பரிந்துரைகளும் தேவைப்படும். மேற்பார்வையாளர்கள் ஓய்வு பெற்றோ வேறிடம் போயோ விடுவதற்குள் கையெழுத்துகளை வாங்கிவிடுங்கள்.

முதல் இடமாற்றம் கோலாலம்பூராக இருக்காது என்றே வைத்துக்கொள்ளுங்கள். கிளந்தான், சபா, சரவாக் எங்கே வேண்டுமானாலும் வரலாம். அதற்காக வருத்தப்பட வேண்டாம். நிபுணர் இல்லாத இடத்தில் ஒரே ஆண்டில் பார்க்கும் கேஸ்களை நகரத்தில் பார்க்கப் பல ஆண்டுகள் ஆகும். தேர்வு உங்கள் கையில் இருந்தால், கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று. வாரத்தில் எத்தனை அரைநாள் மயக்க அறுவை அறை கிடைக்கும்? பிள்ளைகளுக்கு மயக்கம் கொடுத்துப் பழகிய மயக்க மருத்துவர் இருக்கிறாரா? சந்தேகம் வந்தால் போன் எடுத்துப் பேச மூத்த நிபுணர் யார்?

மலேசியக் குழந்தைப் பல் மருத்துவச் சங்கத்தில் பயிற்சிக் காலத்திலேயே உறுப்பினராகிவிடுங்கள். அந்த மூன்றாவது கேள்விக்கு விடை அங்கே சந்திக்கும் ஆட்களிடம்தான் கிடைக்கும்.